யானைக்கும் பன்றிக்கும் ஒரே தோட்டாவா?

மாரி வெள்ளம் வடிந்து, மட்டக்களப்பின் கிரான் பாலம் மீண்டும் கண்ணுக்குத் தெரிந்து, வட்டைகளில் நெல் குடலை தள்ளும் நாள்களில் ஆண்டுதோறும் ஒரே கோரிக்கை எழுகிறது: விவசாயிக்குத் துவக்குக் கொடுங்கள். புலிபாய்ந்தகல், வாகனேரி, பூலாக்காடு, முறுத்தானை, குடும்பிமலை என்று கிரானுக்கு மேற்கே காட்டை ஒட்டி வேளாண்மை செய்பவர்கள் இரவெல்லாம் பரணில் கண்விழித்துக் கிடப்பது யாவரும் அறிந்ததே. கடன்பட்டு விதைத்த வயலை ஒரு கூட்டம் பன்றி ஓரிரவில் உழக்கிவிட்டுப் போகும். ஒற்றை ஆண் யானை வந்தால் வயலோடு வாடியும் போகும். ஆகவே கோரிக்கையின் பின்னுள்ள துயரத்தை எவரும் மறுக்க முடியாது. ஆனால் இந்த விவாதம் கொடு, கொடுக்காதே என்ற இரண்டு சொற்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்த விலங்குக்கு, எந்த அளவுள்ள குண்டு, யார் கையில் என்ற கேள்விக்கு விவசாயிகளின் மனுக்களிலும் இடமில்லை, அதிகாரிகளின் பதில்களிலும் இடமில்லை. பயிரும் விலங்கும் மனிதனும் பிழைப்பது அந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் விடையில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அனுபவமுள்ள வேட்டைக்காரர் ஒரே மாதிரித் துவக்கை இரண்டு, மூன்று, நான்கு குழல் அளவுகளில் வாங்கி வைத்திருப்பார். ஆயுத மோகம் என்று அதைத் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்காவில் வின்செஸ்டர் நிறுவனம் 1936இல் மொடல் 70 என்ற ரைபிளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே, அதே அமைப்பில் .22 ஹோர்னெட் என்ற சிறிய அளவிலிருந்து .375 ஹொலண்ட் மெக்னம் என்ற பெரிய அளவு வரை கிடைக்கச் செய்தது. முன்னதன் குண்டு ஏறக்குறைய 1,000 ஜூல் ஆற்றலோடு குழலை விட்டுப் புறப்படும். பின்னதன் குண்டுக்கு 5,500 ஜூலுக்கும் மேல். முயல், நரி போன்ற சிறு விலங்குக்கு ஒன்று, மானுக்கு ஒன்று, காட்டெருமைக்கு ஒன்று என்று குண்டு மாறும். ஆனால் தோட்டாவை ஏற்றும் கைப்பிடியும், பூட்டும், விசையும், தோளில் படும் கட்டையும் மாறுவதில்லை. இருட்டிலும் பதற்றத்திலும் கை தானாகவே பூட்டைத் தேடிக் கண்டுபிடிக்கும். சிறிய அளவில் மலிவான தோட்டாக்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான முறை சுட்டுப் பழகிய கை, பெரிய அளவைத் தூக்கும்போதும் தடுமாறாது. ஒரே மாதிரி பல அளவுகளில் இருப்பதன் பொருள் இதுதான்: பழக்கத்தை மாற்றாதே, விலங்குக்கு ஏற்ப அளவை மாற்று.

பல நாடுகளில் இது சட்டமாகவே இருக்கிறது. ஜேர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டம் ரோ மான் என்ற சிறு மானைச் சுடும் குண்டுக்கு 100 மீற்றர் தொலைவில் குறைந்தது 1,000 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும் என்கிறது. காட்டுப்பன்றி உள்ளிட்ட மற்றக் குளம்பு விலங்குகளுக்குக் குண்டின் விட்டம் 6.5 மில்லிமீற்றருக்குக் குறையாமலும், 100 மீற்றரில் ஆற்றல் 2,000 ஜூலுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அதே சட்டம் சிதறு சன்னங்களால் குளம்பு விலங்குகளைச் சுடுவதை அடியோடு தடை செய்கிறது. யானையும் எருமையும் உள்ள ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குகளுக்கு .375 அளவே கீழ் எல்லை. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். சுட்டால் விலங்கு உடனே சாக வேண்டும். சாகடிக்கும் அளவு கையில் இல்லையென்றால் சுடக் கூடாது. காயத்தோடு தப்பிய விலங்கு தானும் வதைபடும், எதிரே வரும் மனிதனுக்கும் எமனாகும்.

இந்த அளவுகோலோடு நம் பக்கத்து நிலைமையைப் பார்ப்போம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் பயிர்க்காவலுக்கு அனுமதி கிடைப்பது பெரும்பாலும் 12 போர் எனப்படும் ஷொட்கன் ஒன்றுக்குத்தான். அதற்கான அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பறவைகளையும் சிறு விலங்குகளையும் கிட்ட நின்று வீழ்த்துவதற்காக உருவான ஆயுதம் இது. இதில் போடும் பெரிய சன்னத் தோட்டாக்களில் எஸ்ஜி என்று பெயர்பெற்றதை எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் ஒன்பது சன்னங்களில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றரை கிராம் எடையுள்ள ஈய உருண்டை. குழல்வாயிலேயே ஒரு சன்னத்தின் ஆற்றல் 250 ஜூல் அளவில்தான் இருக்கும். நாற்பது மீற்றர் தாண்டினால் சன்னங்கள் பரவி, ஒன்றிரண்டு மட்டுமே இலக்கில் படும். வயிற்றில் ஒன்றும் தொடையில் ஒன்றும் வாங்கிய பன்றி பற்றைக்குள் ஓடி மறைந்து, நாள்கணக்கில் கிடந்து சாகும். அனுமதி பெற்ற துவக்கும் எல்லோரிடமும் இல்லை. யுத்த காலத்தில் கிழக்கின் குடும்பங்கள் வைத்திருந்த வேட்டைத் துவக்குகள் பல தரப்பினராலும் பறிக்கப்பட்டன. அவற்றுக்குப் பதில் பெற்றவர்கள் சிலரே. அந்த வெற்றிடத்தில்தான் உள்ளூரில் செய்த இடியன் துவக்கும், கம்பி இழுபட்டதும் வெடிக்கும் கட்டுத்துவக்கும், ஹக்க பட்டாஸ் என்ற வாய்வெடியும் புகுந்தன. கட்டுத்துவக்குக்கு வருவது பன்றியா, மாடா, விறகெடுக்க வந்த மனிதனா என்று தெரியாது. வாய்வெடி பன்றிக்கென்று காய்கறிக்குள் வைக்கப்படுகிறது. அதைக் கடிக்கும் யானைக்குட்டி தாடை சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் வாரக்கணக்கில் பட்டினி கிடந்து இறக்கிறது.

யானையின் கதை இன்னும் கொடியது. யானையின் தோல் இடத்துக்கு இடம் ஓர் அங்குலம் வரை தடிப்பானது. அதன் கீழே தசையும் எலும்பும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மூன்றரை கிராம் சன்னம் அங்கே எதையும் நிறுத்தப் போவதில்லை. தோலைத் துளைத்துச் சதைக்குள் தங்கும். புண் சீழ் கட்டும். காலில் பட்டால் மூட்டு வீங்கி யானை நொண்டும். அப்படி நொண்டும் யானை தூரம் நடக்க முடியாமல் குளத்தையும் வயலையும் அண்டியே கிடக்கும். மனிதனைக் கண்டால் ஒதுங்கிப் போன விலங்கு, மனித வாடை அடித்தாலே பாயும் விலங்காக மாறிவிடும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தத் தீவில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட தன் நூலில், நான்கு அவுன்ஸ் எடையுள்ள குண்டை எறியும் தன் பெருந்துவக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தத் துவக்கின் எடை இருபது இறாத்தலுக்கும் அதிகம். அந்தக் குண்டு இன்றைய எஸ்ஜி சன்னத்தைப் போல் முப்பது மடங்கு கனமானது. கொல்வதையே பொழுதுபோக்காகக் கொண்ட அந்த மனிதரே சிறிய துவக்கோடு யானை முன் போவது மடமை என்று அறிந்திருந்தார். பயிரைக் காக்க நிற்கும் ஏழை விவசாயியின் கையில் நாம் கொடுத்திருப்பதோ அதைவிடச் சிறியது.

பெரிய துவக்குகளைக் கொடுத்தால் தீருமா என்றால், அந்தச் சோதனையையும் வரலாறு நடத்தி முடித்துவிட்டது. குடியேற்ற அரசு யானையைப் பயிர் நாசினியாகக் கணக்கிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாக அந்த அரசின் அதிகாரியான எமர்சன் டெனன்ட் பதிவு செய்திருக்கிறார். அவ்வளவு கொன்றும் பிணக்கு ஒழியவில்லை. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் எண்ணப்பட்ட யானைகள் 5,879. 2023ஆம் ஆண்டில் மட்டும் 480க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன; அதே ஆண்டில் யானைகளால் 180க்கும் மேற்பட்ட மனிதர்கள் உயிரிழந்தார்கள். யானைகளைச் சாகடித்த காரணங்களில் துப்பாக்கிச் சூடும் மின்சாரமும் வாய்வெடியும் முன் வரிசையில் நிற்கின்றன. சூடுபட்டுச் சாகும் யானைகள் ஒருபுறம், யானையால் சாகும் விவசாயிகள் மறுபுறம் என்று இரண்டும் சேர்ந்தே பெருகியிருக்கின்றன. துவக்கு மனிதனைக் காத்திருந்தால் இந்த இரண்டில் ஒன்றாவது குறைந்திருக்க வேண்டும்.

ஆகவே யானை துவக்கின் கணக்குக்கே வெளியே நிற்க வேண்டிய விலங்கு. அதற்கு வேறு வழி எழுதப்பட்டே இருக்கிறது. யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 டிசம்பரில் கையளித்த தேசிய செயற்றிட்டம், காட்டை வேலியடைப்பதை விட்டு ஊரையும் வயலையும் வேலியடையுங்கள் என்று சொல்கிறது. வனசீவராசிகள் திணைக்களத்தின் நிலத்துக்கும் வனத் திணைக்களத்தின் நிலத்துக்கும் நடுவே கட்டிய வேலிகள் பலவற்றின் இரு புறமும் யானைகளே நிற்கின்றன. அப்படியான வேலி எந்த வயலையும் காப்பதில்லை. ஊரைச் சுற்றி நிரந்தர மின்வேலி; வயலைச் சுற்றி விதைப்பிலிருந்து வெட்டு முடியும் வரை மட்டும் நிற்கும் தற்காலிக மின்வேலி; பராமரிப்பு ஊராரின் பொறுப்பு. வெட்டு முடிந்ததும் கம்பியைச் சுருட்டிவிட்டால் யானை வந்து தாளை மேய்ந்து போகும். குருநாகல் மாவட்டத்தின் வறண்ட பகுதிகளில் விவசாயிகளே நடத்திக் காட்டிய முறை இது. வட்டைக்கு வட்டை கமக்கார அமைப்பும் வட்டவிதானையும் இருக்கிற மட்டக்களப்பில் இதை நடத்துவதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. வாய்க்கால் வெட்டவும் நீர்ப்பங்கீடு செய்யவும் கூடுகிற அதே கூட்டத்தில் வேலிக்கும் முறை போட்டுக்கொள்ளலாம். கம்பியையும் மின்னூட்டியையும் கமநல சேவை நிலையம் ஊடாக அரசு கொடுத்தால் போதும்.

பன்றி வேறு கணக்கு. அது வேலியின் அடியில் நுழையும், விரைவாகப் பெருகும், இனம் அழியும் அபாயத்திலும் இல்லை. பயிரைக் காக்க அதைச் சுடுவதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதற்குரிய அளவோடு சுட வேண்டும். முதல் படியைத் துவக்கை மாற்றாமலேயே எடுத்து வைக்கலாம். இருக்கிற வேட்டைத் துவக்குக்கு, சன்னத் தோட்டாவுக்குப் பதிலாக ஒற்றைக் குண்டுத் தோட்டாவை வழங்கட்டும். ஏறக்குறைய 28 கிராம் எடையுள்ள ஒரே ஈயக் குண்டு ஐம்பது மீற்றருக்குள் பன்றியை நின்ற இடத்திலேயே வீழ்த்தும். இரண்டாவது படி, வீட்டுக்கு வீடு துவக்கு என்ற எண்ணத்தை விட்டு, ஒவ்வொரு கமக்கார அமைப்புக்கும் பயிற்சி பெற்ற இருவர் அல்லது மூவரைக் கொண்ட குழு. அக்குழுவின் கையில் ஒரே மாதிரி ரைபிள் இரண்டு அளவுகளில் இருக்கட்டும்: சுட்டுப் பழக .22 அளவில் ஒன்று, பன்றிக்கு 6.5 மில்லிமீற்றருக்குக் குறையாத அளவில் ஒன்று. வேட்டைக்கார நாடுகளின் ஒழுங்கை நம் ஊருக்குத் தக்கபடி சுருக்கினால் கிடைப்பது இதுவே. இந்தியாவில் இதற்கு நெருக்கமான முயற்சிகள் தொடங்கிவிட்டன. 2022இல் கேரளம், பயிரழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளூராட்சித் தலைவர்களுக்கு வழங்கி, உரிமம் பெற்ற துவக்குக்காரரைக் கொண்டு சுட வழி செய்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீற்றருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுட அனுமதித்தது. இரு இடங்களிலும் சுடுபவர் யார், உத்தரவிடுபவர் யார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தெளிவைத்தான் நாமும் கேட்க வேண்டும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு பரணில் இருப்பவரிடமிருந்தே வரும். நடுச்சாமத்தில் பத்துப் பாகத் தூரத்தில் யானை நிற்கும்போது, வேலியும் செயற்றிட்டமும் என் உயிரைக் காக்குமா என்று அவர் கேட்பார். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த நேரத்தில் கையில் இருக்கும் ஷொட்கனும் அவர் உயிரைக் காக்காது என்பதே மேலே சொன்ன கணக்கின் முடிவு. பத்துப் பாகத்தில் சன்னம் வாங்கிய யானை ஓடினாலும் ஓடும். பாய்ந்தால் இரண்டாவது தோட்டாவுக்கு நேரமிராது. ஓடிய யானையும் அடுத்த இரவு அடுத்த வட்டைக்காரரிடம் கோபத்தோடு போய் நிற்கும். வெளிச்சம், யானைவெடி, ஏறி நிற்க உறுதியான உயரமான பரண், ஒருவர் தனித்து இராத காவல்முறை ஆகியவையே அந்தக் கணத்தில் உயிர் காப்பவை. யானைவெடி தட்டுப்பாடின்றிக் கிடைப்பதையும், வனசீவராசிகள் அலுவலர்கள் அழைத்தவுடன் வரக்கூடிய தூரத்தில் இருப்பதையும் உறுதி செய்வது அரசின் கடமை. விவசாயியிடம் துவக்கைக் கொடுத்துவிட்டு இந்தக் கடமையிலிருந்து அரசு நழுவுவதை நாம் அனுமதிக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. முப்பது ஆண்டு யுத்தத்தைக் கண்ட மண்ணில் ரைபிள்களை மீண்டும் ஊருக்குள் கொண்டுவரலாமா? பன்றிக்குரிய ரைபிளின் குண்டு, தடுக்க ஏதுமில்லாவிட்டால் மூன்று கிலோமீற்றருக்கும் அப்பால் பாயும்; .22 குண்டுகூட ஒன்றரைக் கிலோமீற்றர் போகக்கூடியது. மட்டக்களப்பின் மேற்குப்புறமான படுவான்கரையின் வட்டைகளோ உள்ளங்கை போல் தட்டை. அடுத்த வரம்பில் இன்னொருவர் காவலிருப்பார். இந்த அச்சம் சரியானது என்பதால்தான் வீட்டுக்கு வீடு துவக்கு கூடாது என்கிறேன். ஐரோப்பாவில் பன்றியைச் சுடுபவர் உயர்ந்த பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடுவது பரவலான வழக்கம். குண்டு தவறினாலும் மண் அதை விழுங்கிவிடும். பரணிலிருந்து மட்டும், கீழ்நோக்கி மட்டும், பெயர் பதிந்த ஆள் மட்டும் என்று விதி எழுதலாம். துவக்கு பகலில் பொதுப் பெட்டகத்தில் இருக்கட்டும். எத்தனை தோட்டா கொடுக்கப்பட்டது, எத்தனை வெற்றுக்கோது திரும்பியது என்ற பதிவேடு தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். இந்த நிபந்தனைகளை ஏற்க முடியாத ஊர் முதல் படியோடு, ஒற்றைக் குண்டுத் தோட்டாவோடு நின்றுகொள்ளட்டும். கணக்கில்லாத துவக்கின் தீமையை இந்தப் பகுதி ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கிறது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரையில் மாடுகள் சுடப்படுவதாகப் பண்ணையாளர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். 2023 செப்டெம்பரில் அவர்கள் தொடங்கிய அறப்போராட்டம் நாடறிந்தது. எந்தத் துவக்கு, எந்தத் தோட்டா, யார் கை என்ற பதிவு இருந்தால்தான் அப்படியான முறைப்பாடுகளை விசாரித்து முடிவு காண முடியும். ஆக, அளவு பற்றிய ஒழுங்கு ஆயுதப் பெருக்கத்துக்குத் துணை போகாது. அதைக் கட்டுக்குள் கொண்டுவரும்.

மூன்றாவது மறுப்பு, உயிர்க்கொலையே கூடாது என்பவர்களுடையது. அந்தக் கருணையை மதிக்கிறேன். ஆனால் சட்டப்படி சுடும் வழி அடைபட்ட இடத்தில் பன்றிகள் சாகாமல் இருப்பதில்லை. கம்பிச் சுருக்கிலும் நஞ்சிலும் வாய்வெடியிலும் சாகின்றன. மலையகத்தில் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் இடுப்பு அறுபட்டுச் சிறுத்தைகள் இறப்பதைப் பல முறை செய்திகளில் பார்த்திருக்கிறோம். சுருக்கும் வெடியும் ஆள் பார்ப்பதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர், சரியான அளவுள்ள குண்டோடு, இலக்கைக் கண்ணால் கண்டு சுடுவதில் சாவது ஒரு பன்றி மட்டுமே, அதுவும் ஒரு நொடியில். வதை குறைய வேண்டும் என்று விரும்புவோர் எதிர்க்க வேண்டியது அளவில்லாத ஆயுதங்களைத்தான்.

செலவு பற்றியும் கேட்பார்கள். ஒரு வட்டைக்கு இரண்டு ரைபிளும் ஒரு பெட்டகமும் சில நாள் பயிற்சியும், இருபது வீட்டுக்கு இருபது ஷொட்கன் கொடுப்பதைவிடக் குறைந்த செலவில் முடியும். பருவகால மின்வேலியின் செலவை, யானை அழித்த வயலுக்கும் இறந்த மனிதருக்கும் ஆண்டுதோறும் கொடுக்கும் இழப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அந்த இழப்பீடும் கிரான் விவசாயிக்கு எத்தனை படிவங்களையும் எத்தனை அலைச்சலையும் தாண்டிக் கைக்கு வருகிறது என்பதைப் பிரதேச செயலகம் அறியும்.

ஆகவே அடுத்த பெரும்போகத்துக்கு முன் கிரானின் கமக்கார அமைப்புகள் எழுதும் மனுவில் துவக்கு வேண்டும் என்ற ஒற்றை வரி போதாது. யானைக்கு வேலியும் யானைவெடியும், பன்றிக்கு ஒற்றைக் குண்டுத் தோட்டாவும் பயிற்சி பெற்ற குழுவும், கட்டுத்துவக்குக்கும் வாய்வெடிக்கும் முழுத்தடை என்று தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டும். மாவட்டச் செயலகமும் பாதுகாப்பு அமைச்சும் வனசீவராசிகள் திணைக்களமும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும் நிலைமை அப்போதுதான் வரும். இவ்வளவு காலமும் எல்லா விலங்குக்கும் ஒரே தோட்டாவை வைத்துச் சமாளித்ததன் விலையை விவசாயியும் யானையும் சேர்ந்தே கொடுத்துவிட்டார்கள். இனி அந்தக் கணக்கை அரசு தன் பொறுப்பில் எடுக்கட்டும்.